‘சேஸ் எ குரூக்கட் ஷேடோ’ (1958): ‘புதிய பறவை’யின் தாய்வீட்டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘புதிய பறவை’ பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர், “அது இங்கிலீஷ் படத்தோட காப்பி சார்” என்பார். எந்த இங்கிலீஷ் படம் என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் ஹிட்ச்காக் பெயரைச் சொல்வார்கள். ஹிட்ச்காக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நிஜமான மூலப்படத்தைப் பார்த்தவர்கள் குறைவு. பார்க்காமலே கதை சொல்பவர்கள் அதிகம். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். முதல் பாதியில் முடிவை உடைக்கவில்லை. எங்கே உடைக்கிறேனோ அங்கே எச்சரித்துவிட்டுத்தான் உடைக்கிறேன்.

இது என்ன படம்?

1958-இல் வந்த பிரிட்டிஷ் கருப்பு வெள்ளைப் படம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இயக்கியவர் மைக்கேல் ஆண்டர்சன். தயாரித்தவர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஜூனியர்; ஊமைப்பட காலத்தில் வாள் சுழற்றிய ஃபேர்பேங்க்ஸின் மகன். திரைக்கதை டேவிட் ஆஸ்போர்ன், சார்லஸ் சின்க்ளேர். பெயரைத் தமிழில் சொன்னால் ‘கோணல் நிழலைத் துரத்து’ என்று வரும். கேட்க அவ்வளவு நன்றாக இல்லை, அதனால் ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொள்வோம்.

கதை என்ன? முடிவைச் சொல்லாமல் சொல்லுங்கள்.

கிம்பர்லி பிரெஸ்காட் தென்னாப்பிரிக்க வைரக் கம்பெனி ஒன்றின் வாரிசு. அப்பா தற்கொலை செய்துகொண்டார். அண்ணன் வார்ட் ஒரு வருடத்துக்கு முன் கார் விபத்தில் போய்ச் சேர்ந்தான். இப்போது அவள் ஸ்பெயினில், கடலைப் பார்த்த ஒரு பெரிய பங்களாவில் தனியாக இருக்கிறாள். ஒரு ராத்திரி, விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கிளம்பியபின், முன்பின் தெரியாத ஒருவன் உள்ளே வருகிறான். தன்னை வார்ட் என்கிறான். செத்துப்போன அண்ணன்.

அவள் போலீஸைக் கூப்பிடுகிறாள். வார்காஸ் என்ற அதிகாரி வருகிறார். இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும், படம் முழுக்க இந்தக் காட்சியின் மேல்தான் நிற்கிறது. வந்தவன் பதறவே இல்லை. பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டுகிறான், பெயர் சரியாக இருக்கிறது. டிரைவிங் லைசன்ஸ், அதுவும் சரி. அவளுக்கு ஒரு யோசனை வருகிறது: வீட்டில்தான் அண்ணனின் போட்டோ இருக்கிறதே! அதைக் காட்டினால் முடிந்தது. போலீஸ்காரர் போட்டோவைப் பார்க்கிறார், பிறகு அவளைப் பார்க்கிறார். போட்டோ ஃபிரேமுக்குள் இருப்பது இந்த அந்நியனின் முகம். சாயங்காலம்வரை வேறு முகம் இருந்த ஃபிரேம்.

அதன்பின் அவன் அந்த வீட்டிலேயே தங்குகிறான். எலெய்ன் விட்மன் என்றொரு பெண்ணும் ஒரு புது பட்லரும் வந்து சேர்கிறார்கள். காணாமல் போன வைரங்களைப் பற்றிப் பேச்சு எழுகிறது. அவளைப் பிறந்த நாள்முதல் அறிந்த மாமா வருகிறார். இவராவது உண்மையைச் சொல்வார் என்று பார்த்தால், அவரும் அந்நியனைப் பார்த்து “வார்ட்!” என்கிறார்.

அண்ணன் என்று எழுதுகிறீர்கள். தம்பியாக இருக்கக்கூடாதா?

இருக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், அவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அந்நியனாக நடித்த ரிச்சர்ட் டாட், கிம்பர்லியாக நடித்த ஆன் பாக்ஸ்டரைவிடச் சில வயது மூத்தவர், அதிகாரமாகவும் நடந்துகொள்கிறார். எனக்கு அண்ணன் என்றுதான் வாயில் வந்தது.

நடித்தவர்கள் யார்?

கிம்பர்லியாக, சுருக்கமாகக் கிம்மாக, வருபவர் ஆன் பாக்ஸ்டர். 1946-இல் வந்த படமொன்றுக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியவர். 1950-இல் ‘ஆல் அபவுட் ஈவ்’ படத்தில் அப்பாவி முகத்தோடு கழுத்தறுக்கும் ஈவ். அந்த ஈவை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பார்ப்பது நல்லது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வார்காஸாக ஹெர்பர்ட் லோம், பிராகில் பிறந்தவர். பிற்பாடு ‘பிங்க் பாந்தர்’ படங்களில் கண் துடிக்கும் மேலதிகாரியாகச் சிரிக்கவைத்த அதே மனிதர், இங்கே ஒரு புன்னகைகூட இல்லாமல் வருகிறார். மாமாவாக அலெக்சாண்டர் நாக்ஸ், எலெய்னாக ஃபெய்த் புரூக்.

அந்நியனாக ரிச்சர்ட் டாட். இவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

ரிச்சர்ட் டாட் வில்லனா, ஹீரோவா?

1958-இல் தியேட்டரில் உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் ரசிகனுக்கும் இதே குழப்பம்தான். மூன்று வருடங்களுக்கு முன், 1955-இல், ‘தி டாம் பஸ்டர்ஸ்’ வந்திருந்தது. ஜெர்மன் அணைகளைக் குண்டுவைத்து உடைத்த விமானப்படைத் தலைவன் கை கிப்சனாக நடித்தவர் டாட். அந்த வருடம் பிரிட்டனில் வசூலில் முதலிடம் பிடித்த படம் அது. நிஜ வாழ்க்கையிலும் டாட், 1944 ஜூனில் நார்மண்டியில் பாராசூட்டில் குதித்த ராணுவ அதிகாரி. அப்படிப்பட்ட முகம் நடுராத்திரியில் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் நுழைந்து பயமுறுத்தினால், ரசிகன் எதை நம்புவான்? இவன் கெட்டவனாக இருக்கவே முடியாதே என்று மனசு சொல்லும், கண் முன்னால் நடப்பது வேறாக இருக்கும்.

இது தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ‘டாம் பஸ்டர்ஸ்’ இயக்குநரும் ஆண்டர்சன்தான், ஒளிப்பதிவாளரும் இதே எர்வின் ஹில்லியர்தான். அதே கூட்டணி, தாங்களே ஏற்றிவைத்த ஹீரோ பிம்பத்தை எடுத்து ரசிகனுக்கு எதிராகவே திருப்பியிருக்கிறது. நம்மூரில் எம்ஜிஆரை இப்படி ஒரு வேடத்தில் யோசித்துப் பாருங்கள். தியேட்டர் என்னவாகியிருக்கும்!

ஆண்டர்சன் பெரிய இயக்குநரா?

பட்டியலைப் பார்த்தால் பெரியவர்தான். 1956-இல் இவர் இயக்கிய ‘அரவுண்ட் தி வேர்ல்ட் இன் எய்ட்டி டேஸ்’ சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. உலகத்தையே சுற்றிவந்த அத்தனை பிரம்மாண்டத்துக்குப்பின் ஒரு வீடு, சில மனிதர்கள், ஒரு கடற்கரைச் சாலை என்று சுருக்கிக்கொண்டு இந்தப் படம். என்னைக் கேட்டால் இவருடைய கச்சிதமான வேலை இதுதான் என்பேன்.

காசு இல்லாமல் கருப்பு வெள்ளையில் எடுத்தார்களா?

அந்தக் காலத்தில் பிரிட்டனில் நடுத்தரச் செலவில் எடுத்த படங்கள் பெரும்பாலும் கருப்பு வெள்ளைதான். இந்தக் கதைக்கு அது வசதியாகவும் போயிற்று. வெளிப்புறம் ஸ்பெயினின் கோஸ்டா பிராவா கடற்கரை. வண்ணத்தில் எடுத்திருந்தால் நீலக்கடலும் வெள்ளைச் சுவரும் சுற்றுலா விளம்பரம்போல ஆகியிருக்கும். ஹில்லியர் ஜெர்மனியில் தொழில் கற்றுக்கொண்டு பிரிட்டன் வந்தவர். வெயில் அடிக்கும் ஊரில் எடுத்தும், வீட்டுக்குள் எப்போதும் ஏதோ ஒரு கம்பியின் நிழல், ஏதோ ஒரு படிக்கட்டின் நிழல் கிம்மின் மேல் விழுந்துகொண்டே இருக்கிறது. படத்தின் பெயரில் நிழல் இருப்பதைச் சும்மா விடவில்லை.

இசை யார்?

மாட்யாஷ் ஷைபர். ஹங்கேரியில் பிறந்து 1930-களில் பிரிட்டனில் குடியேறியவர். 1954-இல் வந்த ‘அனிமல் ஃபார்ம்’ கார்ட்டூன் படத்துக்கும் இவர்தான் இசை. அதிகம் அலட்டாத, இடைவெளி விட்டு அடிக்கும் இசை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லும்போதே கொஞ்சம் உதறுகிறது. இந்தப் படத்தின் கதை தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு கார் விபத்திலிருந்து தொடங்குகிறது. படம் வந்து இரண்டு வருடம் கழித்து, 1960-இல், ஷைபர் இறந்தது தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில், கார் விபத்தில்.

முடிவை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று படத்திலேயே கேட்டுக்கொள்வார்களாமே?

ஆமாம். படம் முடிந்ததும் தயாரிப்பாளர் ஃபேர்பேங்க்ஸ் தானே திரையில் வந்து, முடிவை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார். இது அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. 1955-இல் வந்த பிரெஞ்சுப் படம் ‘லே டியபோலிக்’ முடிவிலும் இப்படி ஒரு அறிவிப்பு உண்டு. லண்டனில் 1952-இல் தொடங்கிய ‘மௌஸ்ட்ராப்’ நாடகத்திலும் கடைசியில் பார்வையாளர்களிடம் இதே சத்தியம் வாங்கும் வழக்கம் இருக்கிறது.

ஃபேர்பேங்க்ஸ் கேட்டுக்கொண்டது சரி. ஆனால் தமிழனுக்கு இந்த ரகசியம் 1964-லேயே தெரிந்துவிட்டது. அதனால் இனி மறைப்பதில் அர்த்தம் இல்லை. இதற்குக் கீழே முடிவு உடைபடும். இரண்டு படத்தையும் பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுகொண்டு, பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, முடிவு என்ன?

கிம்முக்குக் கடைசியாக ஒரு பிடி கிடைக்கிறது: கைரேகை. பாஸ்போர்ட்டைப் போலியாக அடிக்கலாம், மாமாவை விலைக்கு வாங்கலாம், கைரேகையை என்ன செய்ய முடியும்? வார்காஸ் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வருகிறார். ரேகை பொருந்துகிறது, இவன் உன் அண்ணன்தான் என்கிறார்.

அந்த இடத்தில் அவள் உடைகிறாள். இவன் வார்டாக இருக்கவே முடியாது, ஏனென்றால் வார்டைக் கொன்றது நான் என்று கத்துகிறாள். காரில் கைவைத்தது அவள்தான். அது விபத்தே இல்லை.

அந்தக் கணமே வீட்டில் எல்லாருடைய முகமும் மாறுகிறது. அந்நியன் போலீஸ்காரன். எலெய்னும் அந்தக் கூட்டம்தான். மாமாவும் வார்காஸும் உடந்தை. கைரேகை பொருந்தியது என்றதும் பொய்தான். சாட்சியே இல்லாத ஒரு கொலையில், கொன்றவள் வாயாலேயே சொல்லவைக்க ஆடிய நாடகம்.

முடிவு தெரிந்தபின் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

எனக்கு இந்தப் படம் இரண்டாவது முறைதான் பிடித்தது. முதல் தடவை நாம் அவள் பக்கம் நின்று பயப்படுகிறோம். இரண்டாவது தடவை அவள் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் வேறு மாதிரி காதில் விழுகிறது.

அவள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: இவன் என் அண்ணன் இல்லை, என் அண்ணன் செத்துவிட்டான். கவனித்தால், அவளுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. விபத்தில் தூரத்தில் செத்துப்போன ஒருவன் திரும்பி வந்து நின்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? முகம் மாறியிருந்தாலும், ஐயோ, ஒருவேளை அவன்தானோ, பிழைத்துவிட்டானோ, அடையாளம் தவறிவிட்டதோ என்று ஒரு சின்ன ஆசையாவது துளிர்க்கும். போனவர்கள் திரும்பி வரமாட்டார்களா என்று ஏங்காத வீடு எது? கிம்மிடம் அந்த ஆசையின் சுவடுகூட இல்லை. படம் தொடங்கிய பத்தாவது நிமிடத்திலேயே உண்மை நம் முன்னால் நிற்கிறது. பயத்தில் நமக்குக் கண்ணில் படவில்லை.

இன்னொரு விஷயம். அவள் பக்கம்தான் சத்தியம் இருக்கிறது: வந்தவன் வார்ட் இல்லைதான். வீட்டில் பொய் சொல்லாத ஒரே ஆள் அவள். ஆனால், ‘உனக்கு எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரியும்?’ என்ற கேள்விக்கு மட்டும் அவளால் பதில் சொல்ல முடியாது. வலை விரித்தவர்கள் நம்பியது அந்த ஒரு கேள்வியைத்தான்.

கார் காட்சியையும் மறுபடி பாருங்கள். அந்நியன் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கடலோரப் பாறைச் சாலையில், வளைவுகளில், கண்மண் தெரியாமல் ஓட்டுகிறான். முதல் தடவை பார்க்கும்போது, கார்ப் பித்துப் பிடித்த வார்டைப்போலவே ஓட்டிக் காட்டித் தன்னை நிரூபிக்கிறான் என்று நினைப்போம். பின்னால் யோசித்தால் வயிற்றைப் பிசையும். காரை வைத்துக் கொன்றவளைக் காரிலேயே ஏற்றி, செத்தவன் பெயரைச் சூடிக்கொண்டவன் பக்கத்தில் உட்காரவைத்து, பள்ளத்தின் விளிம்பில் ஓட்டுகிறார்கள். புண் எங்கே என்று தெரிந்துகொண்டு அங்கேயே விரலை வைத்து அழுத்துவது. ஆன் பாக்ஸ்டர் அந்தக் காட்சியில் காட்டும் பயத்துக்கு இரண்டு அடுக்கு இருக்கிறது. ‘ஈவ்’ ஞாபகம் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்: இந்த முகத்தால் அப்பாவியாகவும் இருக்க முடியும், அப்பாவியாக நடிக்கவும் முடியும்.

ஓட்டைகள் இல்லையா?

இருக்கின்றன. ஒரு பணக்காரப் பெண், இவ்வளவு நடந்தும், ஊருக்குத் தந்தி அடித்து அண்ணனின் இறப்புச் சான்றிதழையும் பழைய போட்டோ ஒன்றையும் வரவழைக்க மாட்டாளா? வக்கீலைக் கூப்பிட மாட்டாளா? முதல் தடவை இது திரைக்கதையின் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: அந்தச் சாவை யாரும் மறுபடி கிளறக்கூடாது என்பது அவளுடைய கவலை. அந்த ஓட்டை வேண்டுமென்றே விட்டது.

நிஜமான ஓட்டை வேறு. அவள் மட்டும் நிதானமாக, “வா அண்ணா, பிழைத்து வந்தாயா, உட்கார், காபி சாப்பிடுகிறாயா?” என்று சொல்லியிருந்தால் போலீஸ் என்ன செய்திருக்கும்? அன்றைக்கு ராத்திரியே கதை முடிந்திருக்கும். அதைவிட மோசம், ஏற்கெனவே ஒரு கொலை செய்தவள் என்று சந்தேகப்படும் ஆளை மூலையில் தள்ளிவிட்டு, அதே வீட்டில் தாங்களும் தூங்குகிறார்கள். தைரியசாலிகள்தான்.

இப்படி வாங்கிய வாக்குமூலம் கோர்ட்டில் நிற்குமா?

படம் இதற்குள் போவதில்லை, வாக்குமூலத்தோடு திரை விழுந்துவிடுகிறது. கொலை தென்னாப்பிரிக்காவில், நாடகம் ஸ்பெயினில். எந்த ஊர் நீதிபதி முன்னால் நிறுத்துவது என்பதே பெரிய தலைவலி.

நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக்கூடாது என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னது. அடித்து வாங்கியதா, அழவைத்து வாங்கியதா என்ற ஆராய்ச்சியே கிடையாது அதில். அதன் தொடர்ச்சியாக ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் 27-வது பிரிவு இடம் கொடுத்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. ஆக, ‘புதிய பறவை’யில் சிவாஜி நடித்த கோபால் கடைசிக் காட்சியில் கண்ணீரோடு கொட்டியதை வைத்து மட்டும் அவரைத் தண்டித்துவிட முடியாது. ஒரு நல்ல கிரிமினல் வக்கீல் போதும். சிவாஜி ரசிகர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

விளையாட்டாகச் சொன்னாலும் உறுத்தல் உண்மைதான். ஒரு மனுஷியை, நீ பார்ப்பது பொய், உன் ஞாபகம் பொய் என்று நாள்கணக்கில் நம்பவைத்துப் பைத்தியத்தின் விளிம்புக்குத் தள்ளுவதை இன்றைக்கு ‘கேஸ்லைட்டிங்’ என்கிறார்கள். அந்தச் சொல்லைத் தந்ததும் பிரிட்டிஷ் சரக்குதான், பாட்ரிக் ஹாமில்டன் 1938-இல் எழுதிய ‘கேஸ் லைட்’ நாடகம். அதில் கொடுமைக்காரக் கணவன் செய்ததை இங்கே போலீஸ் செய்கிறது. அங்கே குற்றம், இங்கே துப்பறிதல். அவள் குற்றவாளி என்பதால் நாமும் கடைசியில் மன்னித்துவிடுகிறோம். குற்றவாளி இல்லாமல் இருந்திருந்தால்?

‘புதிய பறவை’ இதன் நேரடிக் காப்பியா?

நேரடி இல்லை, நடுவில் கல்கத்தா இருக்கிறது. 1963-இல் வங்காளத்தில் ‘சேஷ் அங்கா’ வந்தது; உத்தம் குமார், ஷர்மிளா தாகூர் நடித்தது, இயக்கியவர் ஹரிதாஸ் பட்டாச்சார்யா. பிரிட்டிஷ் கதையின் எலும்புக்கூட்டை எடுத்து, அண்ணன் தங்கையைக் கணவன் மனைவியாக மாற்றியது அந்தப் படம். அதைத் தழுவித்தான் 1964 செப்டம்பரில் ‘புதிய பறவை’. தாதா மிராசி இயக்கம், ஆரூர்தாஸ் வசனம், தயாரிப்பு சிவாஜியின் சொந்த நிறுவனம். 1989-இல் மலையாளத்தில் மம்மூட்டி நடித்த ‘சரித்திரம்’ மறுபடி செத்துப்போன உடன்பிறப்புக்கே திரும்பியது.

தமிழில் என்ன மாற்றினார்கள்?

நிறைய. எனக்கு முக்கியமாகப் படுவது மூன்று.

ஒன்று, முகம். பிரிட்டிஷ் படத்தில் நிஜ வார்டின் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை; போட்டோவே மாற்றப்பட்டுவிட்டது. அதனால் யார் சொல்வது உண்மை என்று நமக்கே தெரியாது. தமிழில் கோபாலின் செத்துப்போன மனைவி சித்ராவாகவும், நான்தான் சித்ரா என்று வந்து நிற்பவளாகவும் நடித்தவர் சௌகார் ஜானகியே. முகம் அச்சாகப் பொருந்துகிறது. கிம் “இந்த முகம் வேறு” என்று சொல்ல வேண்டியிருந்தது. கோபாலோ அதே முகத்தைப் பார்த்துக்கொண்டே “இவள் வேறு” என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கோபாலின் நிலைமைதான் பரிதாபம். நடிப்பதற்கும் அதில்தான் இடம் அதிகம், சிவாஜி ஒரு அங்குலம்கூட விடவில்லை.

இரண்டு, குற்றம். கிம் திட்டம் போட்டுக் கொன்றவள். கோபால் ஆத்திரத்தில் ஓர் அறை விடுகிறார்; இதயம் பலவீனமான சித்ரா விழுந்துவிடுகிறாள்; பயந்துபோய் உடலைத் தண்டவாளத்தில் கிடத்துகிறார். 1964-இல் சிவாஜி திட்டமிட்ட கொலைகாரர் என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? குற்றத்தின் எடையைக் குறைத்து, அந்த இடத்தில் குற்ற உணர்ச்சியை ஏற்றினார்கள். ரயிலைக் கண்டாலே கோபால் நடுங்குவதை ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார்கள். பிரிட்டிஷ் படத்தில் கார், இங்கே ரயில், வேலை ஒன்றுதான்.

மூன்று, காதல். மூலப்படத்தில் அண்ணன் என்று சொல்லி வந்தவனுக்கும் அவளுக்கும் இடையில் எதுவும் முளைக்க வழியில்லை. தமிழில் துப்பறிய வந்த லதா (சரோஜாதேவி) கோபாலை நிஜமாகவே காதலித்துவிடுகிறாள். அதனால் முடிவில் பிடிபட்டவர் மட்டும் உடையவில்லை, பிடித்தவளும் உடைகிறாள். பகடி செய்பவர்கள் சரோஜாதேவியின் ‘கோப்பால்...’ என்ற இழுவையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பாட்டுகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கிம்மின் மனசுக்குள் நடப்பதை ஹில்லியரின் நிழல்கள் காட்டின. கோபாலுக்கு அந்த வேலையைச் செய்தது கண்ணதாசனின் ‘எங்கே நிம்மதி’. வண்ணப்படத்தில் நிழல் எடுபடாதே!

இரண்டில் எது நல்ல படம்?

கச்சிதத்தில் பிரிட்டிஷ் படம். ‘புதிய பறவை’ ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்; மனோரமா, நாகேஷ் காமெடியை எடுத்துவிட்டாலும் கதை ஓடும். ஆனால் கிம் பிடிபட்டபோது எனக்கு ஆச்சரியம்தான் வந்தது. கோபால் பிடிபட்டபோது துக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டில் யாருமே பேசவில்லை. அதற்கு எத்தனை மார்க் போடுவது?

செத்தவன் திரும்பி வந்ததாக நிஜத்தில் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1854-இல் கடலில் காணாமல் போன ரோஜர் டிச்போர்ன் என்ற பிரிட்டிஷ் பிரபுக் குடும்பத்து வாரிசு நான்தான் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். பெற்ற தாயே அவரை மகன் என்று ஏற்றுக்கொண்டார். கோர்ட் ஏற்கவில்லை, ஆர்தர் ஆர்ட்டன் என்ற கசாப்புக் கடைக்காரர் என்று முடிவு செய்து 1874-இல் 14 வருடச் சிறைத்தண்டனை கொடுத்தது.

வங்காளத்தில் இதற்கு நேர்மாறு. 1909-இல் டார்ஜிலிங்கில் இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பாவல் ஜமீனின் இளைய குமாரர்களில் ஒருவர் நான்தான் என்று 1921-இல் ஒரு சந்நியாசி வந்து நின்றார். மனைவி கடைசிவரை மறுத்தார். வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1946-இல் சந்நியாசிக்கே சாதகமாக முடிந்தது. தீர்ப்பு வந்த சில நாட்களில் அவர் இறந்துபோனார். இந்தக் கதையை வைத்து 1975-இல் வந்த வங்கப் படத்தில் நடித்தவரும் ‘சேஷ் அங்கா’வின் உத்தம் குமாரேதான்.

இது பிடித்தால் அடுத்து எதைப் பார்ப்பது?

‘கேஸ் லைட்’ நாடகத்தை 1940-இல் தோரல்ட் டிக்கின்சன் பிரிட்டனில் எடுத்த படத்தைப் பாருங்கள், இங்க்ரிட் பெர்க்மன் நடித்த 1944 ஹாலிவுட் வடிவத்துக்கு முன்னால். அப்புறம் 1961-இல் ஹாமர் நிறுவனம் எடுத்த ‘டேஸ்ட் ஆஃப் ஃபியர்’: இதுவும் கருப்பு வெள்ளை, இதுவும் கடலோர பங்களா, இதிலும் அப்பாவை இழந்த ஒரு பணக்காரப் பெண், அவள் சொல்வதை யாரும் நம்புவதில்லை.

புதிய பறவை பார்க்காத பிள்ளைகளுக்கு எதை முதலில் காட்டுவது?

பிரிட்டிஷ் படத்தை. ஃபேர்பேங்க்ஸ் திரையில் வந்து கேட்டுக்கொள்ளும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் ஒன்றும் தெரியாததுபோல இருந்துவிடுங்கள். ‘புதிய பறவை’யை ஒரு வாரம் கழித்துப் போடுங்கள். சித்ரா வாசலில் வந்து நிற்கும் காட்சியில் அவர்கள் உங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.